கேம்கார்டர் கேசட்டைக் கணினிக்கு மாற்றினால் படம் மங்கிவிடுகிறது, என்ன செய்வது?

கேள்வி:
வணக்கம். 2003-இல் வாங்கிய மினி டிவி (MiniDV) கேம்கார்டரில் பதிவு செய்த பதினோரு கேசட்டுகளைக் கணினியில் சேமிக்க முயன்று வருகிறேன். கேமராவுடன் வந்த யூ.எஸ்.பி. கேபிளையும் மென்பொருளையுமே பயன்படுத்துகிறேன். என் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு முதலடி எடுத்துவைக்கும் காட்சி கேமராவின் சிறிய திரையில் அவள் சட்டைப் பூக்கள் தெரியுமளவுக்குத் தெளிவாக இருக்கிறது. கணினியிலோ முகமே அடையாளம் தெரியவில்லை. கோப்பின் அளவு 320×240 என்று காட்டுகிறது. நாடா கெட்டுவிட்டதா? மென்பொருளால் தெளிவாக்க முடியுமா?

மறுமொழி 1:
கேமராத் திரையில் படம் தெளிவாக இருப்பதால் நாடாவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கோளாறு நீங்கள் தேர்ந்தெடுத்த வழியில்தான் இருக்கிறது. அக்காலத்து மினி டிவி கேமராக்கள் பலவற்றில் யூ.எஸ்.பி. இணைப்பு நிழற்படங்களை எடுக்கவும் இணைய உரையாடலுக்குச் சிறிய படத்தை அனுப்பவுமே வைக்கப்பட்டது. இந்த நாடாவில் உள்ள டிவி (DV) வடிவக் காட்சிக்கு மட்டும் நொடிக்கு 25 மெகாபிட் வேண்டும், யூ.எஸ்.பி. 1.1-இன் உச்ச வேகமே 12 மெகாபிட் என்பதால், கேமரா படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. அப்படி இழந்த விவரத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

கேமராவின் ஓரத்து மூடியைத் திறந்து, 'டிவி' (DV) அல்லது 'ஐ-லிங்க்' (i.LINK) என்று எழுதிய சிறிய நான்கு முனைத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் ஃபயர்வயர் (FireWire) என்ற வேகமான இணைப்பு. மேசைக் கணினியாக இருந்தால் ஃபயர்வயர் கார்டு ஒன்றைப் பொருத்தி, வின்டிவி (WinDV) போன்ற இலவச மென்பொருள் மூலம் எடுக்கலாம். ஒரு முனையில் யூ.எஸ்.பி.யும் மறுமுனையில் ஃபயர்வயரும் உள்ள வெறும் கேபிளை வாங்கி ஏமாறாதீர்கள்; அது இதற்கு வேலை செய்யாது. ஃபயர்வயரில் நாடாவில் உள்ள எண்ம விவரம் அப்படியே நகலாகிறது. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி இடம் பிடிக்கும். கோப்பு 720×576 அல்லது 720×480 என்று காட்ட வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கார்டு பொருத்தி எடுத்தேன். 720×576 வந்தது, சட்டைப் பூக்களும் திரும்பி வந்துவிட்டன. ஆனால் அவள் கையை ஆட்டும்போது விளிம்பில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரிகின்றன. இரண்டு கேசட்டுகளில் மட்டும் படம் சதுரம் சதுரமாக உடைகிறது. ஒலியும் விட்டுவிட்டு வருகிறது.

மறுமொழி 2:
இவை இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். சீப்புக் கோடுகள் பழுதே அல்ல. அக்காலக் கேமராக்கள் ஒவ்வொரு படத்தையும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரண்டு பாதிகளாக, சற்றே முன்பின்னான நேரங்களில் பதிவு செய்தன. அவற்றைக் கணினி ஒரே படமாக அடுக்கும்போது நகரும் பொருளின் விளிம்பு பிசிறடிக்கிறது. விஎல்சி (VLC) காணொளி மென்பொருளில், இரு பாதிகளையும் சீராக்கும் டீஇன்டர்லேஸ் (Deinterlace) அமைப்பை இயக்கினால் மறைந்துவிடும். பகிர்வதற்குத் தனி நகல் எடுக்கும்போது அதே வேலையைச் செய்யும் 'யாடிஃப்' (yadif) வடிகட்டியைப் பயன்படுத்துங்கள். டிவி (DV) கோப்பில் அந்த இரு வரிப் பாதிகளில் கீழ்ப் பாதிதான் (bottom field) முதலில் வரும், அந்த வரிசையை மாற்றிக் கொடுத்தால் அசைவு முன்னும் பின்னுமாகத் துடிக்கும். மூலக் கோப்பில் மட்டும் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

சதுரங்களுக்குப் பெரும்பாலும் கேமராவில் நாடாவைப் படிக்கும் பகுதியான ஹெட்டில் படிந்த அழுக்கே காரணம். உலர்வகைச் சுத்தம் செய்யும் கேசட்டை அதில் குறிப்பிட்டுள்ள சில நொடிகள் மட்டும் ஓட்டுங்கள். அளவு மீறினால் ஹெட் தேய்ந்துவிடும். பிறகு அந்தக் கேசட்டுகளை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டு எடுங்கள். அவை எல்.பி. (LP) முறையில், அதாவது நாடாவை மெதுவாக ஓட்டிக் கூடுதல் நேரம் பதியும் முறையில், பதிவானவையா என்றும் பாருங்கள்; அத்தகைய நாடாக்கள் பதிவு செய்த கேமராவில்தான் பெரும்பாலும் ஒழுங்காக ஓடும்.

கேள்வி கேட்டவர்:
சுத்தம் செய்தபின் ஒரு கேசட் முழுமையாக வந்துவிட்டது. மற்றொன்று எல்.பி. முறைதான்; முதல் நான்கு நிமிடங்களில் இன்னும் உடைகிறது.

மறுமொழி 2:
அந்த நான்கு நிமிடங்களை மட்டும் மூன்று, நான்கு முறை தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சதுரங்கள் வேறு வேறு இடத்தில் விழுந்தால், நல்ல துண்டுகளைத் தேர்ந்து ஒட்டிக்கொள்ளலாம். எனக்கு ஒரு கேசட் அப்படித்தான் மீண்டது.