நெடுஞ்சாலை ஓட்டலில் சப்ளையர் வேலை: கூட்ட நேரத்தில் எப்படிக் கவனிப்பது?

அரூர்க்காரன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியில், பெங்களூரிலிருந்து வரும் சாலை சேலத்துக்கும் சென்னைக்குமாகப் பிரியும் இடத்துக்கு அருகில் உள்ள ஒரு சைவ ஓட்டலில் நான் சப்ளையராகச் சேர்ந்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. வார நாட்களில் சிக்கல் இல்லை. சனிக்கிழமை காலையில், ஊருக்குப் போகும் பெங்களூர்க் குடும்பங்களும் பேருந்துக் கூட்டமும் ஒரே நேரத்தில் வந்து இறங்கும்போதுதான் தடுமாறுகிறேன். ஆறு மேசைகள் என் பொறுப்பு.

சென்ற சனிக்கிழமை ஒரு பெரியவருக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவர் "சாக்கு, சாக்கு" என்றார். எனக்குத் தெரிந்த சாக்கு அரிசி மூட்டைச் சாக்குதான். விழித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டேன், இட்லி மிதந்தது. அந்தக் குழப்பம் தீர்வதற்குள், பேருந்திலிருந்து இறங்கிய மூவர் பக்கத்து மேசையில் ரவா ரோஸ்ட் கேட்டார்கள். "இதோ" என்று சொல்லிவிட்டு மாஸ்டரிடம் சொன்னேன். ரோஸ்ட் வருவதற்குள் ஓட்டுநர் ஹாரன் அடிக்கவே, மூவரும் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். மூன்று ரோஸ்டின் விலையையும் என் சம்பளத்தில் பிடிக்கப்போவதாக முதலாளி சொல்லியிருக்கிறார்.

இன்னும் வேகமாக ஓட வேண்டுமா, அல்லது ஒவ்வொரு மேசையிலும் நின்று கேட்க வேண்டுமா? பில்லை வைத்துவிட்டு அங்கேயே நின்றால் டிப்ஸுக்காக நிற்பதாக நினைப்பார்களோ என்ற கூச்சமும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய சப்ளையர், தருமபுரி:

தம்பி, தருமபுரிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு கடையில் பத்தொன்பது ஆண்டுகள் இலை போட்டவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். அந்த மூன்று ரோஸ்டும் வீணானதற்குக் காரணம் உங்கள் கால் அல்ல, "இதோ" என்று சொன்ன வாய்தான். ரவா ரோஸ்டுக்கு மாவை நீர்க்கக் கரைத்து, கல்லில் தெளித்தாற்போல் ஊற்றி, ஈரம் வற்றி முறுகும்வரை நிதானமான தீயில் விட வேண்டும், அவசரப்பட்டால் பிய்ந்துவிடும். கல்லில் ஒரே நேரத்தில் இரண்டு, மூன்றுக்கு மேல் கொள்ளாது. உங்களுக்கு முன்னால் நான்கு ஆர்டர் இருந்திருந்தால் கால் மணி நேரம் ஆகியே தீரும். இட்லியும் பொங்கலும் அப்படியல்ல, கேட்டவுடன் தட்டில் வைத்துக் கொண்டுவந்துவிடலாம். ஆகவே மேசைக்குப் போனதும், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், பேருந்தா காரா என்று கேளுங்கள். பேருந்து என்றால், "ரோஸ்டுக்குக் கால் மணி நேரம் ஆகும், இட்லி, பொங்கல், வடை உடனே தருகிறேன்" என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். காத்திருப்பதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். நேரத்தைச் சொல்லாமல் உட்கார வைப்பதுதான் கோபத்தைக் கிளப்புகிறது.

இதற்கு அடுப்படியின் நிலவரம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடை திறக்கும் முன்பு மாஸ்டரிடம் போய், இட்லி எத்தனை ஈடு, வடை எதுவரை தாங்கும், எந்தச் சட்னி குறைவு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டருடன் மனத்தாங்கல் உள்ள சப்ளையரின் மேசைக்கு எதுவும் நேரத்தில் வராது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

அடுத்தது கண். சட்னி தீர்ந்தவர்கள் எல்லாரும் உங்களைக் கூப்பிடமாட்டார்கள். தோசையைப் பிய்த்த கை, சட்னி இருந்த இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெறுமனே வாய்க்குப் போகும். அதைப் பார்த்த உடனே வாளியுடன் நீங்கள் அங்கே நின்றால் அவர் உங்களை மறக்கமாட்டார். ஊற்றும்போது கரண்டியின் அடியை வாளி விளிம்பில் ஒருமுறை வழித்துவிட்டு, இலைக்கு அருகில் தாழ்த்தி ஊற்ற வேண்டும். குழந்தையின் தலைக்கு மேலாகச் சூடான வாளியை ஒருபோதும் கொண்டுபோகக் கூடாது. சாப்பாட்டு நேரத்தில் இலையின் நுனி உண்பவரின் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். நான்கு டம்ளருக்குள் நான்கு விரலை விட்டுத் தூக்கிக்கொண்டு வரும் பழக்கம் மட்டும் உங்களிடம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். நீங்கள் எவ்வளவு சிரித்துப் பேசினாலும், வந்தவர் அந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஓசூர்வாசி:

"சாக்கு" என்றால் கன்னடத்தில் "போதும்" என்று பொருள். பாவம் அந்தப் பெரியவர்! தெலுங்கர்கள் "சாலு" என்பார்கள். எங்கள் ஊரில் இந்த மூன்று மொழிகளும் தெருவிலேயே கலந்து கிடப்பதால் நாங்கள் தனியாகக் கற்றதில்லை. அரூர்ப் பக்கத்திலிருந்து வருபவருக்குத் தடுமாற்றம் இயல்புதான். வேண்டும் என்பதற்குக் கன்னடத்தில் "பேக்கு", தெலுங்கில் "காவாலி". உங்களை யாரோ பேக்கு என்று திட்டுவதாக நினைத்துச் சண்டைக்குப் போய்விடாதீர்கள். வேண்டாம் என்றால் கன்னடத்தில் "பேட". நல்லவேளையாக உப்பு மூன்று மொழியிலும் உப்புதான். இன்னொன்று: பெங்களூரில் பல ஓட்டல்களில் சாம்பாரில் வெல்லம் சேர்ப்பார்கள். அந்தச் சுவைக்குப் பழகியவர் முகத்தைச் சுளித்தால், கேட்காமலே கொஞ்சம் தேங்காய்ச் சட்னியை வையுங்கள்.

கல்லாவில் இருப்பவன்:

நான் காவேரிப்பட்டணத்தில் சிறிய ஓட்டல் நடத்துகிறேன். வாடிக்கையாளர் எழுந்து போனதற்குச் சப்ளையரின் சம்பளத்தில் பிடிப்பது முறையல்ல என்பது என் கருத்து. அப்படிப் பிடித்தால், அடுத்த வாரத்திலிருந்து சப்ளையர் பயந்துகொண்டு ஆர்டர் எடுப்பார், நட்டம் கடைக்குத்தான்.

பில்லைப் பற்றி ஒரு செய்தி. எங்களைப் போன்ற ஓட்டல்களின் பில்லில் உள்ள 5 சதவீதம் ஜிஎஸ்டி. மத்திய அரசுக்கு 2.5, மாநில அரசுக்கு 2.5 என்று இரண்டு வரிகளாக அச்சாகியிருக்கும். அதைச் சேவைக் கட்டணம் என்று எண்ணிச் சிலர் சத்தம் போடுவார்கள். சேவைக் கட்டணம் என்பது வேறு. அதை வாடிக்கையாளரைக் கேட்காமல் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. யாராவது கேட்டால் கல்லாவுக்கு அனுப்பாமல், பில்லில் விரல் வைத்து நீங்களே விளக்கத் தெரிந்திருப்பது நல்லது.

டிப்ஸ் விஷயத்தில் கூச்சம் வேண்டாம். பில்லை வைத்துவிட்டு அடுத்த மேசைக்குத் தண்ணீர் வைக்கப் போய்விடுங்கள், பணத்தை எடுத்து வைக்க அவர்களுக்கு இடம் கிடைக்கும். மீதிச் சில்லறையை முழுவதுமாகத் திருப்பிக் கொடுங்கள். "சில்லறை இல்லை" என்று இழுத்தடிப்பதைப் போல அசிங்கம் வேறில்லை.

அரூர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. இன்று சனிக்கிழமை என்பதால் காலையிலேயே முயன்று பார்த்தேன். தருமபுரி அண்ணன் சொன்னபடி "பேருந்தா, காரா" என்று கேட்டதும் ஒருவர், "ஏன், காரில் வந்தவனுக்குத்தான் மரியாதையா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டார். அதன் பிறகு "எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?" என்று மாற்றிக்கொண்டேன், யாரும் கோபப்படவில்லை. ஒன்பது மணிக்கு வந்த பேருந்தில் ஐந்து பேர் ரோஸ்டை விட்டுப் பொங்கலுக்கு மாறினார்கள், ஒருவர் மட்டும் ரோஸ்டைப் பார்சலாகக் கட்டித் தரச் சொன்னார். "சாக்கு" இன்று இரண்டு முறை காதில் விழுந்தது, இரண்டு முறையும் கரண்டியை நிறுத்திவிட்டேன். சம்பளப் பிடித்தம் பற்றி முதலாளி இதுவரை வாய் திறக்கவில்லை. பத்தாம் தேதி சம்பளம்.