திருப்பம் வந்தால் தலையைத் தூக்கிவிடுகிறாள்: தடம் பிடிக்கும் பயிற்சியில் உதவி வேண்டும்

கோட்டையூரான்

வணக்கம். எங்கள் வீட்டில் 14 மாதச் சிப்பிப்பாறைப் பெட்டை, பெயர் மின்னி. காரைக்குடி பக்கம் இதற்கெல்லாம் பயிற்சியாளர் யாரும் எனக்கு அகப்படவில்லை. வீடியோ பார்த்தும் விதிப்புத்தகம் படித்தும் நானேதான் பழக்குகிறேன். கீழ்ப்படிதல் நன்றாகவே போகிறது. தடம் பிடிப்பதில்தான், அதாவது ஆள் நடந்து போன வழியைத் தரையை முகர்ந்துகொண்டே தொடர்வதில்தான் சிக்கல்.

ஊருக்கு வெளியே வற்றிக் கிடக்கும் கண்மாய்க்குள் நானே நடந்து தடம் போடுகிறேன். கட்டைப்புல் தரை, நடுநடுவே சரளை. ஒவ்வொரு காலடியிலும் வேகவைத்த கோழி ஈரல் ஒரு துண்டு. ஐஜிபி (நாய்களின் தடம் பிடித்தல், கீழ்ப்படிதல், காவல் திறமையைச் சோதிக்கும் சர்வதேசத் தேர்வு) முதல் நிலையில் தடம் போட்டு 20 நிமிடம் ஆறியிருக்க வேண்டும் என்பதால் நானும் அவ்வளவு நேரம் விட்டுத்தான் அவளை இறக்குகிறேன். நேர்கோட்டில் குறையே சொல்ல முடியாது, மூக்கு தரையை விட்டு எழுவதில்லை. திருப்பம் வந்தால்தான் வம்பு. இரண்டடிக்கு முன்னாலேயே நின்று மூக்கை உதறுகிறாள், தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்க்கிறாள். சில நாள் திருப்பத்தையே சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நிற்கிறாள். அங்கே கவனம் வரட்டும் என்று ஈரலைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்துப் பார்த்தேன், இன்னும் மோசம்.

இன்னொரு கேள்வி: மழை வந்தால் பட்டாலையில் (பட்டசாலை, வீட்டுக்கூடம்) வைத்துத் தடை தாண்டப் பழக்கலாமா?

வேட்டைப்பிரியன்

தம்பி, சிப்பிப்பாறை முயலைக் கண்ணால் பார்த்து ஓட்டிப் பிடிக்கிற நாய். அதைத் தரையை முகர்ந்துகொண்டு போ என்றால் எப்படிப் போகும்? இந்த வேலைக்கு லாப்ரடார், அல்சேஷன்தான் சரி.

மதுரை கீதா

அண்ணே, மூக்கில்லாத நாயா அது? நேர்கோட்டில் குனிந்த தலை நிமிராமல் போகிறது என்று அவரே எழுதியிருக்கிறார். சாதி காரணமென்றால் அங்கேயும் தலை எழுந்திருக்கும். வேகமும் பார்வையும் இந்த நாய்களுக்குக் கூடுதல் என்பது உண்மைதான். மயிலோ கீரியோ குறுக்கே ஓடினால் கயிறு கையை அறுத்துவிடும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அதற்காக நாயை மாற்றச் சொல்வது நியாயமில்லை.

இரும்புக்கை

சோக் செயின் (இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி) போட்டு, தலை தூக்கும்போது கீழே ஒரு சுண்டு சுண்டுங்கள். தானாக வழிக்கு வரும்.

மதுரை கீதா

தயவுசெய்து செய்துவிடாதீர்கள். ஏற்கெனவே திருப்பம் என்றால் தயங்குகிற நாய் அது. அங்கே கழுத்தும் வலித்தால் அடுத்த வாரம் தடத்தில் இறங்கவே மாட்டாள்.

பள்ளத்தூர் வாத்தியார்

இது ஆடி மாதம், முதலில் காற்றைப் பாருங்கள். நாய் முகர்வது நம் காலடி பட்டு நசுங்கிய புல், கிளறிய மண், நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்துகள் எல்லாம் கலந்த வாசனை. காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து அடித்தால் அந்த வாசனை திருப்பத்தையும் தாண்டி முன்னால் பரவிக் கிடக்கும். நாய் நேரே ஓடிப்போய்விட்டுப் பிறகு திரும்பும். எதிர்க்காற்று என்றால் தலையைத் தூக்கிக் காற்றிலேயே மோப்பம் பிடிக்கப் பார்க்கும். பக்கவாட்டில் அடித்தால் தடத்துக்குச் சற்று விலகி இணையாகப் போகும். வெயில் ஏறினால் தரை காய்ந்து வாசனையும் மங்கும். நம் பக்கம் மேல்காற்று எழும்புமுன், காலை ஆறு மணிக்கெல்லாம் முடித்துவிடுங்கள். மண்ணை ஒரு கை அள்ளித் தூவினால் காற்றின் திசை தெரிந்துவிடும்.

கோட்டையூரான்

ஐயா, ஆறு மணிக்குத்தான் போகிறேன். காற்றே இல்லாத அன்றைக்கும் இதே கதைதான்.

தேவகோட்டை அக்கா

தம்பி, முகத்தைப் பார்ப்பதற்கு ஒரு காரணம் தோன்றுகிறது. கூடவே நடக்கப் பழக்கும்போது உங்கள் கண்ணைப் பார்த்தால் தின்பண்டம் கொடுத்திருப்பீர்கள். குழப்பம் வந்தால் உங்கள் முகத்தில் விடை இருக்கும் என்று அவள் படித்து வைத்திருக்கிறாள். நீங்களும் உங்களை அறியாமல் சரியான பக்கம் தோளைத் திருப்புவீர்கள். இரண்டு வேலைக்கும் பட்டையையும் கட்டளையையும் பிரித்துவிடுங்கள்: கீழ்ப்படிதலுக்குக் கழுத்துப்பட்டை, தடத்துக்கு மார்புப்பட்டையும் 10 மீட்டர் கயிறும். தலை தூக்கினால் நீங்கள் மரம் மாதிரி நில்லுங்கள், பேச்சு வேண்டாம். கயிறு தளரவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம்.

ஆனால் எனக்கு உறுத்துவது அந்த மூக்கை உதறுவது. குழம்பிய நாய் சுற்றும், முனகும், உதறாது. நாளைக்கு நாயைக் கூட்டிப் போகாதீர்கள். வழக்கம்போலத் தடம் போட்டு ஈரல் வைத்து, 20 நிமிடம் கழித்து நீங்களே திருப்பத்தில் குந்திப் பாருங்கள்.

கோட்டையூரான்

அக்கா, எறும்பு!

குந்திப் பார்த்தேன். நேர்கோட்டில் ஒற்றைத் துண்டுகளில் ஒன்றிரண்டு எறும்பு. திருப்பத்தில் குவித்து வைத்த ஈரலைக் கண்ணாலேயே பார்க்க முடியவில்லை, செக்கச்செவேலென்று சுள்ளெறும்பு மூடியிருக்கிறது. புல்லுக்கடியில் ஒரு வரிசை வருகிறது, இன்னொரு வரிசை துணுக்கைத் தூக்கிக்கொண்டு போகிறது. விரலால் தொட்டேன், உடனே கடி. இதில் மூக்கை வைக்கச் சொன்னால் யார் வைப்பார்கள்? வீட்டில் ஆச்சியிடம் சொன்னேன். "பட்டசாலையில் சீனி சிந்தினாலே அஞ்சு நிமிஷத்தில் வருது, பொட்டலில் கறி வச்சா வராதா"ன்னு கேட்டுட்டாங்க.

தேவகோட்டை அக்கா

அதுதான். திருப்பம் என்றால் மூக்கு எரியும் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள், அதனால்தான் முன்கூட்டியே நிற்பதும் சுற்றிப் போவதும். எறும்பை ஒழிக்கலாம் என்று மருந்துப்பொடி எதுவும் தூவிவிடாதீர்கள், மூக்கும் நாக்கும் படுகிற இடம்.

கொஞ்ச நாளைக்கு 20 நிமிடத்தை மறந்துவிடுங்கள். தடம் போட்ட கையோடு நாயை இறக்குங்கள். ஆறவிடுவதைப் பிறகு மெதுவாகக் கூட்டிக்கொள்ளலாம். திருப்பத்திலும் அதற்கு முன் ஐந்தாறு காலடியிலும் தீனியே வேண்டாம். திரும்பி ஏழெட்டுக் காலடி போன பிறகு ஒரு துண்டு, அவ்வளவுதான். அவள் மூக்கால் திருப்பத்தைக் கண்டுபிடித்தால் கூலி அந்தப் பக்கம் காத்திருக்கும். சதுரமாக ஒடிக்காமல், மாட்டுவண்டி திரும்புகிற மாதிரி அகலமாக வளைத்துப் போடுங்கள். ஒடுக்கமான திருப்பம் அப்புறம். அந்தப் பழைய இடத்தை விட்டுவிடுங்கள், அவளுக்கு ஞாபகம் இருக்கும். புது இடத்தில் தடம் போடுமுன் காலால் புல்லை விலக்கிப் புற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஈரல் கவுச்சி அதிகம், ஈரமும் அதிகம். நாய்த் தீனியின் காய்ந்த உருண்டையைச் சின்னதாக உடைத்து வைத்தால் எறும்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். பெரிய கூலியைத் தடத்தின் முடிவில் உங்கள் கையிலிருந்து கொடுங்கள்.

அப்புறம் பட்டாலை: வேண்டவே வேண்டாம். ஆத்தங்குடிக் கல் வழவழப்பில் நான்கு காலும் நான்கு பக்கம் போகும். இந்த வயதில் தடையைத் தரையோடு தரையாக வைத்துத் தாண்டப் பழக்கினால் போதும், அதுவும் மண் தரையில். சர்வதேச விதிப்படி நடக்கும் அஜிலிட்டி என்கிற தடை தாண்டும் போட்டிகளில் 18 மாதம் நிரம்பாத நாயைச் சேர்ப்பதில்லை. எலும்பு முற்றுமுன் குதிக்கவிட்டால் மூட்டுக்கு ஆகாது.

பள்ளத்தூர் வாத்தியார்

எறும்பு என் புத்திக்கு எட்டவில்லை! நானும் ஒன்று சேர்க்கிறேன். தவிட்டுக்குருவியும் மைனாவும் தீனியைப் பொறுக்கிவிடும், தடம் போட்டுவிட்டு எட்டிப் போகாதீர்கள். ஐஜிபி முதல் நிலையில் சுமார் 300 காலடித் தடம், மூன்று நேர்கோடு, இரண்டு திருப்பம், நாய் கண்டுபிடித்துக் காட்டத் தடத்தில் போட்டு வைக்கும் இரண்டு பொருள், 100க்கு 70 வாங்கினால் தேர்ச்சி. அந்தத் தடத்தை நாயின் எஜமானரேதான் போடுவார். ஆகையால் வேற்றாள் தடத்துக்கு இப்போது அவசரமே இல்லை.

கோட்டையூரான்

ஊருணிக்கு அந்தப் பக்கம் புது இடம் பார்த்து, தீனியில்லாத அகலத் திருப்பம் போட்டேன். முதல் நாள் அதே இடத்தில் நின்றாள், என்னைப் பார்த்தாள். நான் அசையவில்லை. தானே குனிந்து அரைவட்டமாக முகர்ந்து அந்தப் பக்கத் துண்டை எடுத்துவிட்டாள். இப்போது நிற்பதே குறைந்துவிட்டது, உதறல் சுத்தமாக இல்லை. இடப்பக்கத் திருப்பத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் தயக்கம் இருக்கிறது.

அடுத்த சந்தேகம். தடத்தில் கிடக்கும் பொருளைக் கண்டதும் படுக்கப் பழக்கச் சொல்கிறார்கள். இங்கே எங்கே பார்த்தாலும் நெருஞ்சி. படுத்த நாய் குத்து வாங்கி எழுந்துவிடுகிறது.

தேவகோட்டை அக்கா

படுத்தே ஆக வேண்டும் என்று விதியில் இல்லை தம்பி. நின்றும் காட்டலாம், உட்கார்ந்தும் காட்டலாம், வாயில் கவ்வி எடுக்கவும் செய்யலாம். சிப்பிப்பாறைக்கு வயிற்றில் முடியும் இல்லை, சதையும் இல்லை. நிற்க வைத்தே பழக்குங்கள். அதை முதலில் தடத்தில் செய்யாமல் வீட்டு வாசலில், ஒரு தோல் துண்டை வைத்துத் தனியாகச் சொல்லிக்கொடுங்கள். இடப்பக்கத் திருப்பத்துக்கு, நீங்கள் கயிற்றை எந்தக் கையில் பிடிக்கிறீர்கள், அவளுக்கு எந்தப் பக்கமாக நிற்கிறீர்கள் என்று வீடியோ எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.