மலைப்பாதையில் வண்டி நின்றால் யாரைக் கூப்பிடுவது?

வெலிங்டன் வாசி:
போன சனிக்கிழமை மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி மலை ஏறும்போது, பர்லியாருக்கு மேலே என் கார் இன்ஜின் பெல்ட் அறுந்து நின்றுவிட்டது. இரண்டு வளைவு கீழே நடந்து சிக்னல் பிடித்து, இன்சூரன்ஸோடு வாங்கிய சாலை உதவியைக் கூப்பிட்டேன். கோயம்புத்தூரிலிருந்து, காரை இழுத்துப்போகும் ரெக்கவரி வண்டி வர நாலு மணி நேரமாம். ஜெர்மனியில் ஆறு வருடம் இருந்தேன். அங்கே ஏடிஏசி என்று ஒரு மோட்டார் சங்கம். 1903-ல் மோட்டார் சைக்கிள்காரர்கள் தொடங்கியது, இன்று சந்தா கட்டும் உறுப்பினர்கள் 2 கோடிக்கு மேல். மஞ்சள் வண்டியில் மெக்கானிக்கே வருவார், நின்ற இடத்திலேயே சரிசெய்யப் பார்ப்பார். 'மஞ்சள் தேவதைகள்' என்றே அவர்களுக்குப் பெயர். நமக்கும் அப்படி ஒன்று வேண்டாமா?

ஊட்டி டாக்ஸி:
தம்பி, தேவதை எல்லாம் எதற்கு? இந்த மலையில் 20 வருடமாக ஓட்டுகிறேன். சீசனில் ஓரமாக நிற்கும் வண்டிகளில் பாதி, பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கி லைனிங் கருகியவை. வாடையே காட்டிக்கொடுக்கும். ஏறும் கியரிலேயே இறங்கினால் இந்தப் பாடு இல்லை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. 2018-ல் அங்கே நடந்த கார் விபத்துக்குப் பிறகு வெளியூர் வண்டிகளை அந்த வழியே இறங்க விடுவதில்லை. உயிர் காப்பாற்றியது அந்தத் தடைதான், சந்தா அட்டை இல்லை.

வெலிங்டன் வாசி:
அண்ணா, நான் இறங்கவே இல்லை. ஏறிக்கொண்டிருந்தேன்!

கோத்தகிரி கணக்கு:
முதலில் ஒன்று. நமக்குச் சங்கமே இல்லை என்பது தப்பு. தென்னிந்திய ஆட்டோமொபைல் சங்கம் சென்னையில் எத்தனையோ காலமாக இருக்கிறது. பழைய எஸ்டேட் கார்களில் அந்த மாதிரி சங்க பேட்ஜைப் பார்த்திருப்பீர்கள், துடைத்துத் துடைத்து எழுத்தே தேய்ந்திருக்கும். அப்புறம், அந்த ஜெர்மன் சங்கமும் ரொம்ப யோக்கியம் இல்லை. 'மஞ்சள் தேவதை' என்றே ஒரு கார் விருது கொடுத்தார்கள். 3,409 வாக்கு வாங்கிய காருக்கு 34,299 என்று அறிவித்தது 2014-ல் அம்பலமானது, தலைவர் பதவி விலகினார். இங்கே கணக்கைப் பாருங்கள்: 2011 கணக்கெடுப்பில் நீலகிரி முழுக்க 7.35 லட்சம் பேர். அதில் கார் வைத்திருப்பவர் எத்தனை, சந்தா கட்டுபவர் எத்தனை? சுற்றுலா வருபவர் இரண்டு நாளில் இறங்கிவிடுவார்.

வெலிங்டன் வாசி:
விருதில் திருட்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பனியில் நடுராத்திரி எனக்கு பேட்டரி மாற்றிக் கொடுத்தவர் திருடர் இல்லை. நான் கேட்பது மாவட்டச் சங்கமும் இல்லை. நாடு முழுக்கச் சந்தா. குன்னூரில் ஒரு ஆள், மேட்டுப்பாளையத்தில் ஒரு ஆள்.

ஊட்டி டாக்ஸி:
சரி, சனிக்கிழமை கடைசியில் யார் சரிசெய்தது?

வெலிங்டன் வாசி:
பர்லியார் டீக்கடைக்காரர் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டார். பைக்கில் பெல்ட்டோடு வந்து அரை மணியில் மாட்டினார். 900 ரூபாய்.

ஊட்டி டாக்ஸி:
அப்புறம் என்ன?

வெலிங்டன் வாசி:
டீக்கடை திறந்திருந்தது, அண்ணா. ராத்திரி பத்து மணிக்கு, மூடுபனியில், குழந்தையோடு நிற்கும் வெளியூர்க்காரருக்கு யாரைத் தெரியும்?

ஊட்டி டாக்ஸி:
ராத்திரி என்றால்... அது சரி. பைக்கில் வருகிற ஆள் என்றால் நானே சந்தா கட்டுவேன். ரெக்கவரி வண்டி என்றால் மட்டும் வேண்டாம். அது ஒரு கொண்டை ஊசி திரும்புவதற்குள் பின்னால் அரை கிலோமீட்டருக்கு ஹாரன்.