பள்ளி வாசலை அடைக்கும் வண்டிகள்: பிள்ளைகள் பத்திரமாகக் கடக்க வழி வேண்டும்

என் மகள் மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கு ஒரே வாசல், அதுவும் நேராகப் பிரதான சாலையில் திறக்கிறது. காலை மணி அடிக்கும் முன்பும் மாலை பள்ளி விடும்போதும் கார்களும் வேன்களும் வாசலை ஒட்டி இரண்டு வரிசையாக நிற்கின்றன. நடந்தும் சைக்கிளிலும் வரும் பிள்ளைகள் அந்த இடுக்கு வழியாகத்தான் சாலைக்குள் வருகிறார்கள். ஓட்டுநருக்கு அவர்கள் தெரிவதில்லை, அவர்களுக்கும் வரும் வண்டி தெரிவதில்லை. வேன்கள் பின்னால் எடுக்கும்போது இன்னும் மோசம். இந்தக் கல்வியாண்டு தொடங்கியதிலிருந்தே இப்படித்தான். போன வாரம் ஒரு சிறுவன் நூலிழையில் தப்பினான்.

பள்ளியில் எழுதிக் கொடுத்தோம். ‘வண்டி நிறுத்தாதீர்’ பலகை வந்தது, யாரும் மதிக்கவில்லை. போக்குவரத்துக் காவலர் நின்ற நாட்களில் ஒழுங்காக இருந்தது, அவர் வராத நாளில் பழையபடிதான். வேகத்தடை கேட்டோம், பிரதான சாலை என்று மறுத்துவிட்டார்கள். நடந்தும் சைக்கிளிலும் போவோரும் வண்டிகளும் வழக்கமாகக் கலக்கும் இடங்களில் பொதுவாக வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்று, சாலைப் பாதுகாப்புக்கான உலக அமைச்சர்கள் மாநாட்டின் 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனம் சொல்வதையும் மனுவில் சேர்த்தோம், பதில் இல்லை. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பேசினால், "ரெண்டு நிமிஷம்தானே நிறுத்துறோம்" என்கிறார்கள்.

வேகத்தைவிட, பார்வையை மறைத்து நிற்கும் வண்டிகள்தான் பெரிய ஆபத்து என்று நினைக்கிறேன். அதனால் சற்றுத் தள்ளி ஓரிடத்தில் எல்லாரும் இறக்கிவிட்டு, அங்கிருந்து பெரியவர்கள் துணையோடு பிள்ளைகளைக் கூட்டமாக நடத்திவரலாம் என்று யோசிக்கிறோம். உங்கள் பிள்ளைகளின் பள்ளியில் இப்படிச் செய்திருந்தால், காரில் வரும் பெற்றோரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?