மலிவு ப்ராசஸரை முறுக்கி ஓட்டிய கதைகள்

பழைய இரும்பு, சென்னை:

அக்கா பையன் போன வாரம் லேப்டாப் வாங்கினான். "மாமா, இதை ஓவர்கிளாக் பண்ண முடியுமா?"ன்னு கேட்டான். அதாவது, ப்ராசஸரைக் கம்பெனி குறிச்ச வேகத்துக்கு மேல ஓட்டுறது. பயாஸை, அதான் கம்ப்யூட்டரோட அடிப்படை அமைப்புத் திரையை, திறந்து பார்த்தேன். தேதியையும் பாஸ்வேர்டையும் தவிர மாத்துறதுக்கு ஒண்ணும் இல்லை. மூடிட்டேன். 1999-ல அவன் அம்மாவோட நெயில் பாலிஷைத் திருடி ப்ராசஸருக்குப் பூசினவன் நான். அந்தக் கதையைச் சொல்றேன், உங்ககிட்ட இருக்கிறதை நீங்க சொல்லுங்க.

செலரான் 300ஏ. 1998 ஆகஸ்ட்ல இன்டெல் விட்ட மலிவு ரக ப்ராசஸர், 300 மெகாஹெர்ட்ஸ். அதே சமயத்துலதான் 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2-ம் வந்தது. மொத்தமா வாங்குறவங்களுக்கு அமெரிக்க விலை செலரான் 149 டாலர், பென்டியம் 669 டாலர். டாலர் 42 ரூபாய் சொச்சம் இருந்த காலம். அப்பா ஒரு தடவைக்கு மேல காசு தர மாட்டார், அதனால செலரான்தான்.

அதுக்கு முந்தி வந்த செலரானுக்கு எல்2 கேச்சே (ப்ராசஸர் அடிக்கடி தேடுறதைக் கைக்கெட்டுற தூரத்துல வெச்சுக்கிற சின்ன மெமரி) கிடையாது, உப்பில்லாத சாப்பாடு. 300ஏ-ல 128 கேபி கேச்சை சிப்புக்குள்ளயே வெச்சுட்டாங்க, ப்ராசஸர் ஓடுற அதே வேகத்துல ஓடும். பென்டியம் 2-ல கேச் 512 கேபி, ஆனா சிப்புக்கு வெளியே, பாதி வேகத்துல. போர்டோட அடிப்படை வேகம், அதான் பஸ், அதை ஒரு பெருக்கல் எண்ணால பெருக்கினா ப்ராசஸர் வேகம். 300ஏ-ல அந்த எண் 4.5-ல பூட்டியிருந்தது. பஸ் 66 சொச்சம், அதனால 300. அந்த 66-ஐ 100 ஆக்கினா 450. பென்டியம் 450-க்கும் அதே 4.5, அதே 100. கேச் ஒண்ணுதான் வித்தியாசம்!

இதுல எனக்கு இன்னிக்கும் பிடிச்ச விஷயம் ஒண்ணு. மதர்போர்டை நடத்துற இன்டெல்லோட 440பிஎக்ஸ் சிப்செட்டே 100-ல ஓடுறதுக்குப் பண்ணினது. பஸ் 100 ஆனாலும், மத்த கார்டுகள் போற பிசிஐ வழிக்கு 33, கிராபிக்ஸ் கார்டு போற ஏஜிபி வழிக்கு 66-னு சரியா வகுத்துக் கொடுத்துடும். ஹார்ட் டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு யாருக்கும் ஒரு சுமையும் இல்லை. ப்ராசஸர் ஒண்ணுதான் தன் தகுதிக்கு மேல ஓடும்.

என் போர்டுல பஸ்ஸைக் கையால மாத்த வழி கிடையாது. அப்போ ப்ராசஸரே ஸ்லாட்டுல செருகுற ஒரு கார்டுதான்; அது என்ன சொல்லுதோ அதைத்தான் போர்டு கேட்கும். அந்தச் சங்கதியைச் சொல்ற பின் பி21. அதை மறைச்சுட்டா போர்டு "ஓ, 100 பார்ட்டி"ன்னு நம்பிடும். சில பேர் செலோடேப் ஒட்டினாங்க. எனக்கு டேப் ஸ்லாட்டுக்குள்ள சுருண்டு போச்சு. அதான் நெயில் பாலிஷ். ஊக்கு முனையில தொட்டு, அந்த ஒரு தங்கக் கோட்டுல மட்டும் சிவப்பை இழுத்து, மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் காயவெச்சேன்.

முதல் தடவை திரை கறுப்பா நின்னுது. வயித்துல புளி. அப்புறம்தான் தெரிஞ்சது, ராம் பழைய 66 ராம், 100-ஐத் தாங்கலை. ரிச்சி தெருவுக்கு ஓடி பிசி100 ராம் ஒண்ணு வாங்கி வந்து போட்டேன். "450"ன்னு வந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ திரையைப் பார்க்கலை, மேஜை மேல இருந்த பாட்டிலைப் பார்த்தா.

பிப்ரவரி, மார்ச் ராஜா மாதிரி ஓடிச்சு. மே மாசம் கத்திரி வந்தது. மத்தியானம் ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் விண்டோஸ் 98 நீலத் திரை காட்டும், ராத்திரி நல்லா ஓடும். கேபினெட் கதவைக் கழட்டினேன், டேபிள் பேனைத் திருப்பி வெச்சேன், அப்பா திட்டினார். கடைசியில ரிமூவர் தொட்டுப் பாலிஷை அழிச்சு 300-க்கு இறக்கிட்டேன். மழை வந்ததும் மறுபடி பூசினேன். ரெண்டு வருஷம் இப்படித்தான்: வெயில் காலத்துல செலரான், மழைக்காலத்துல பென்டியம்.

தேங்காய் மண்டி, பொள்ளாச்சி:

சார், 300-னு வித்த சிப்பு 450-ல ஓடினது ஏன்னு எங்க ஊர்க் கணக்குல சொல்றேனுங்க. மண்டியில காயை உருட்டி வெச்சுப் பெருசு, நடுத்தரம், சின்னதுன்னு பிரிப்பாங்க. அந்த வருஷம் மழை நல்லா இருந்து எல்லாக் காயும் பெருசா வந்துடுச்சுன்னு வெச்சுக்கங்க. ஆனா ஆர்டர் சின்னதுக்குத்தான் இருக்குது. என்ன பண்ணுவாங்க? பெருசுல கொஞ்சத்தைச் சின்ன குவியல்ல தள்ளுவாங்க. சிப் ஆலையிலயும் அதேதானுங்க. தயாரிப்பு கை பழகப் பழக முக்காவாசி சிப்பு உயர்ந்த வேகத்தைத் தாங்கும், ஆனா விலை குறைஞ்ச ரகத்துக்குத்தான் ஆள் வரிசையில நிப்பாங்க. அதனால நல்ல சிப்பு மேலேயே 300-னு முத்திரை விழுந்துடுது.

பழைய இரும்பு:

உவமை அருமை, ஒரு சின்னத் திருத்தம். 300ஏ, பென்டியம் 450-ஐ இறக்கி முத்திரை குத்தினது இல்லை. கேச்சை உள்ளே வெச்ச தனி சிப்பு. குவியல் மாத்தின கதை செலரானுக்குள்ளயே நடந்ததுன்னு வேணும்னா சொல்லலாம்.

கணக்கு வாத்தியார்:

மே மாத நீலத் திரைக்கு என் பங்கு. ப்ராசஸர் தின்கிற மின்சாரம் வேகத்தோடு நேராக ஏறும், வோல்டேஜோடு வர்க்கமாக ஏறும். 300-லிருந்து 450 என்றால் ஒன்றரை மடங்கு. வோல்டேஜை 2.0-லிருந்து 2.2 ஆக்கினால் மேலும் 1.21 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 1.8. சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு, அதே சின்ன ஹீட்சிங்க்; ஆனால் கிட்டத்தட்ட இரண்டு மடங்குச் சூடு. அறையே 38 டிகிரி இருக்கும்போது பேன் ஊதுவதும் அந்த 38 டிகிரிக் காற்றைத்தான். ஐரோப்பாக்காரன் குளிர்கால ஜனவரியில் எட்டிய வேகத்தைப் பார்த்து நாம் மே மாதத்தில் ஏங்கக் கூடாது.

ரெண்டு பி பென்சில், மதுரை:

அண்ணே, நீங்க நெயில் பாலிஷ்னா நான் பென்சில். இன்டெல்லுக்குப் போட்டியான ஏஎம்டி கம்பெனியோட டியூரான் 650, 2000-ல வந்த மலிவு ரகம். சிப்பு மேல எல்1-னு எழுதி, பக்கத்துல நாலு ஜோடி குட்டிப் புள்ளி இருக்கும். மேல் புள்ளியையும் கீழ் புள்ளியையும் பென்சில் கோட்டால சேர்த்துட்டா பெருக்கல் எண் பூட்டு திறந்துக்கும். பென்சில் கரியில மின்சாரம் ஓடும்ல, அதான் சூட்சுமம். பக்கத்து ஜோடியோட ஒட்டிடக் கூடாது, அதுக்கு லென்ஸ் வெச்சுக்கிட்டு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்காரணும். 6.5-ஐ 9 ஆக்கினேன், 900. பஸ்ஸைத் தொடவே இல்லை, அதனால ராம்ல ஒரு சிக்கலும் இல்லை. ஏஎம்டியோட விலை கூடின அத்லான் 900 வெச்சிருந்த நண்பன் வீட்டுல ரெண்டையும் ஓடவிட்டுப் பார்த்தோம், எனக்குக் கேச் கம்மி, அதனால கொஞ்சம் பின்னாடி. கொஞ்சம்தான்.

பெருமை ஒரு மாசம். பெரிய ஹீட்சிங்க் மாட்டலாம்னு கிளிப்பை ஸ்க்ரூ டிரைவரால அமுக்கினேன். அந்தக் காலத்து டியூரான் சிப்பு மேல மூடி கிடையாதுண்ணே, சிலிக்கான் அப்படியே திறந்து கிடக்கும். ஹீட்சிங்க் ஒரு பக்கமா சாய்ஞ்சுது. "நறுக்"னு ஒரு சத்தம், சாக்பீஸ் ஒடியுற மாதிரி. எடுத்துப் பார்த்தா மூலையில துகள். அதோட முடிஞ்சுது. வாரண்டி கேட்கலாம்னு ரப்பரால பென்சில் கோட்டை எல்லாம் அழிச்சுட்டு, எடுத்துட்டுப் போனேன். கடைக்காரர் மூலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, இதை எந்த ரப்பர் வெச்சு அழிக்கப் போற?"ன்னார்.

கல்யாண வீடியோ, கும்பகோணம்:

எனக்கு இது விளையாட்டு இல்லை, பிழைப்பு. 2008-ல கல்யாண வீடியோ எடிட்டிங். டிவிடி ரெண்டர் பண்ண, அதான் எடிட் பண்ணினதை முழு வீடியோவா எழுத, ராத்திரி முழுக்க ஆகும், முகூர்த்த மாசத்துல ஆறு பார்ட்டி வரிசையில நிக்கும். பென்டியம் ஈ2160 வாங்கினேன். 200 பஸ், பெருக்கல் 9, மொத்தம் 1.8 கிகாஹெர்ட்ஸ். பஸ்ஸை 333 ஆக்கினா 3.0. பழைய இரும்பு சார் கவனிக்கணும், இன்டெல்லோட மேல்தட்டு ப்ராசஸர் கோர் 2 டூவோ ஈ6850-க்கும் அதே 333, அதே 9. உங்க 300ஏ கதை அப்படியே திரும்ப வந்தது. கேச்தான் அதுக்கு 4 எம்பி, நமக்கு 1 எம்பி. பி35 போர்டு, நல்ல எஸ்எம்பிஎஸ் (கரன்ட் கொடுக்கிற பெட்டி) மாட்டி ஏத்தினேன். விண்டோஸ் ஓடுது, பாட்டு ஓடுது, ரெண்டரும் சீக்கிரம் முடியுது. ஒரு வாரம் ஹேங்கே ஆகலை.

பார்ட்டி போன் பண்ணினாங்க. "தம்பி, தாலி கட்டுற இடத்துல மாப்பிள்ளை முகத்துல பச்சைக் கட்டம் வருது." நான் டிஸ்க் கீறல்னு நினைச்சேன். கம்ப்யூட்டர்ல ரெண்டர் ஆன பைலைப் போட்டுப் பார்த்தா அங்கேயும் அதே கட்டம். கேமரா டேப்பைத் திரும்ப ஓட்டினேன், டேப் சுத்தம். ரெண்டர்ல வந்த பிழை. கம்ப்யூட்டர் நிக்கலை, கத்தலை, தப்பா எழுதிட்டுப் போயிட்டே இருந்திருக்கு. நீலத் திரை வந்தாக்கூட நல்லதுன்னு அன்னிக்குத்தான் தோணிச்சு, அது நேர்மையா செத்துப் போகுது.

அன்னிக்கு ராத்திரி ப்ரைம்95-ஐ, ப்ராசஸர் கணக்குல பிழை விடுதான்னு சோதிக்கிற மென்பொருளை, ஓடவிட்டுட்டுப் படுத்தேன். ரெண்டே முக்கால் மணி நேரத்துல, சிப்புக்குள்ள கணக்குப் போடுற ரெண்டு கோர்ல ஒரு கோர் பிழை காட்டி நின்னுருந்தது. பஸ்ஸை 320-க்கு இறக்கினேன், 2.88. ரெண்டு ராத்திரி பிழையில்லாம ஓடிச்சு. அப்புறம்தான் அடுத்த கல்யாணத்தைத் தொட்டேன். அந்த முதல் பார்ட்டிக்குக் காசு வாங்காம திரும்பப் பண்ணிக் கொடுத்தேன். அந்த மாப்பிள்ளைக்கு இன்னிக்கு வரைக்கும் காரணம் தெரியாது.

கொழும்பிலிருந்து ஒருவர்:

நான் பிந்தி வந்த ஆள். 2014 இல பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில பென்டியம் ஜி3258 வாங்கினன். பென்டியம் பேருக்கு 20 வருஷம் எண்டு இன்டெல்லே பூட்டைத் திறந்து விட்ட சிப். பென்சிலும் வேண்டாம், நெயில் பாலிஷும் வேண்டாம், பயாஸில எண்ணை மாத்தினா சரி. 3.2 இல இருந்து 4.4 வரைக்கும் ஏறினது. ஒரு கோரை மட்டும் பாவிக்கிற பழைய கேம்களில விலை கூடின ஐ5 க்குப் பக்கத்தில நிண்டது. சந்தோஷம்.

பிறகு அந்த வருஷக் கடைசியில ஃபார் க்ரை 4 கேம் வந்தது. போட்டன், கறுப்புத் திரை. என்ன செய்தும் சரிவரேல்ல. பிறகுதான் விளங்கினது, ரெண்டு கோரும் ரெண்டு திரெட்டும் (ஒரே நேரத்தில ஓடுற வேலை வரிசை) மட்டும் இருக்கிற ப்ராசஸரில அது தொடங்கவே இல்லையாம். 4.4 ஆக்கினாலும் கோர் ரெண்டுதானே. அதைப் பயாஸில கூட்ட ஏலாது.

எரிச்சல்:

எல்லாரும் மிச்சம் பிடிச்சதை மட்டும் சொல்றீங்க. பெரிய ஹீட்சிங்க், நல்ல எஸ்எம்பிஎஸ், வேகமான ராம், ஓவர்கிளாக்குக்குனு தனி மதர்போர்டு. ஜி3258-க்கு இசட்97 போர்டு வாங்கின காசையும் சேர்த்தா, சாதாரண போர்டும் நாலு திரெட் ஐ3-யும் வாங்கியிருக்கலாமே? மதுரைக்காரர் ரெண்டு டியூரான் வாங்கினார். அந்தக் கணக்கை யார் எழுதுவா?

ரெண்டு பி பென்சில்:

ரெண்டு இல்லைண்ணே, மூணு.

பழைய இரும்பு:

எரிச்சல் சார் சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா 300ஏ-க்கு நான் தனியா வாங்கினது ஒரு ராமும் பாட்டிலும்தான். பாட்டிலுக்கும் காசு கொடுக்கலை.

கணக்கு வாத்தியார்:

அந்த 300ஏ இப்போது எங்கே?

பழைய இரும்பு:

பரண்ல இருந்தது, ஞாயித்துக்கிழமை இறக்கினேன். போர்டுல கெப்பாசிட்டர் நாலு உப்பியிருக்கு, அதனால கரன்ட் கொடுக்கலை. கார்டை மட்டும் உருவி எடுத்தேன். பி21 மேல சிவப்பு அப்படியே இருக்கு, ஓரத்துல கொஞ்சம் உரிஞ்சு. அக்கா பையன் வாங்கிப் பார்த்துட்டு, "மாமா, இது அம்மாவோட கலர்"ன்னான்.