வெள்ளை கேக் ஐசிங்கில் சீனி நூலாக ஓடுகிறது, அவசரம்

பனித்துளி:
வணக்கம். ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளின் பிறந்தநாள். மூன்று அடுக்கு வெள்ளை கேக், மேலே வெள்ளைக்கரு ஐசிங், கொதிக்கும் பாகை ஊற்றி அடிக்கும் முறை. குறிப்பில் சொன்ன சூட்டில்தான் பாகை இறக்கினேன். ஆனாலும் ஐசிங்கில் சீனி நூல் நூலாக ஓடுகிறது, கிண்ணத்தின் அடியில் கண்ணாடிச் சில்லாகக் கட்டி நிற்கிறது. கேக்கும் நடுவில் குழி விழுகிறது. என்ன காரணம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

அட்டன் அடுப்படி:
எந்தச் சூட்டில் இறக்கினீர்கள்? எத்தனை வெள்ளைக்கரு, எவ்வளவு சீனி? தெர்மாமீட்டரா, கண் மதிப்பா? கேக்கில் பேக்கிங் பவுடர் எவ்வளவு?

மாவுக்கை:
கேட்கவே வேண்டாம். பாகு கொதிக்கும்போது கரண்டியால் கிண்டியிருப்பீர்கள். சட்டி ஓரத்தில் ஒட்டிய சீனிப் பரல் உள்ளே விழுந்தால் பாகு முழுவதும் பரல் கட்டிவிடும். ஈரத் தூரிகையால் ஓரத்தை வழித்துவிடுங்கள். கொதிக்கும் முன்பே சில துளி தேசிக்காய்ச் சாறு சேருங்கள்.

தேயிலைக்காரன்:
பரல் வேறு, நூல் வேறு. சுழலும் கம்பியில் பாகு பட்டால் கிண்ணத்தின் சுவரில் தெறித்து அங்கேயே உறையும். கம்பிக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய தாரையாக விடுங்கள். எவர்சில்வர் கிண்ணம் சில்லென்று இருந்தால் இன்னும் மோசம். எந்த ஊர், தங்கச்சி?

மூத்தவர்:
பாகு காய்ச்சத் தெரியாதவர்கள் முதலில் பட்டர் கேக்கில் கை பழக வேண்டும். இதை இங்கே பலமுறை எழுதிவிட்டேன். தெர்மாமீட்டரைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். 100 காட்டாவிட்டால் கருவி பழுது.

பனித்துளி:
ஊர் நுவரெலியா. 4 வெள்ளைக்கரு, 250 கிராம் சீனி, 118 டிகிரி. கரண்டி போடவே இல்லை. தண்ணீரில் வைத்துப் பார்த்தேன், 94தான் காட்டுகிறது. புதிது வாங்க வேண்டுமா?

மூத்தவர்:
வாங்குங்கள். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது.

அட்டன் அடுப்படி:
வாங்காதீர்கள்! ஐயா, அந்த 100 கடல் மட்டத்துக்கான கணக்கு. ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை 1 டிகிரி இறங்கும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 94 காட்டுவதுதான் சரியான தெர்மாமீட்டர். எங்கள் அட்டனில் 96.

தங்கச்சி, பாகின் சூடு அதில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சியிருக்கிறது என்பதற்கான அடையாளம். உங்கள் ஊரில் 118 வரை விட்டால், கொழும்பில் 124 வரை காய்ச்சிய பாகுக்குச் சமம். அவ்வளவு வற்றிய பாகு வெள்ளைக்கருவில் கலக்குமுன்னே இறுகிவிடும். 112இல் இறக்குங்கள். தேயிலைக்காரன் அண்ணா சொன்ன தாரையும் முக்கியம்.

மூத்தவர்:
ஆறு டிகிரியில் என்ன வந்துவிடும்? குறிப்பு எழுதியவருக்குத் தெரியாததா?

அட்டன் அடுப்படி:
அவர் நுவரெலியாவில் இருந்து எழுதவில்லையே.

லயத்து அக்கா:
தெர்மாமீட்டர் எதற்கு? அதிரசப் பாகு பார்ப்பது போலப் பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். விரலில் மிருதுவாக உருண்டால் இறக்கலாம், நறுக்கென்று உடைந்தால் கடந்துவிட்டது. எந்த மலையில் நின்றாலும் இந்தப் பதம் மாறாது.

தேயிலைக்காரன்:
பதம் மாறாது, சரிதான் அக்கா. ஆனால் நீங்கள் உருட்டிப் பார்க்கிற நேரத்தில் அடுப்பிலுள்ள பாகு அடுத்த பதத்துக்குப் போய்விடும்.

லயத்து அக்கா:
சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், தம்பி. தீபாவளிக்கு ஒரு சட்டி அதிரசம் சுட்டால் தெரியும்.

மூத்தவர்:
அதிரசத்தில் சீனி கிடையாது, வெல்லம். இரண்டையும் குழப்பாதீர்கள்.

லயத்து அக்கா:
எங்கள் வீட்டில் சீனியிலும் சுடுவோம்.

மாவுக்கை:
அதிரசச் சண்டையில் கேக்கை மறந்துவிட்டோம். பேக்கிங் பவுடர் அளவை இன்னும் சொல்லவில்லை. எதுவானாலும் கால் பங்கு குறையுங்கள். காற்றழுத்தம் குறைந்த இடத்தில் வாயு அதிகம் விரியும். மாவு வெந்து இறுகுமுன் கேக் எழும்பி, பின் நடுவில் அமுங்கிவிடும். ஓவன் சூட்டை 10 டிகிரி கூட்டி, சில நிமிடம் முன்னதாகவே பாருங்கள். மாவில் சேர்க்கும் வெள்ளைக்கருவை நுனி வளையும் பதத்தோடு நிறுத்துங்கள்.

பாகு மறுபடியும் பயமுறுத்தினால், வெள்ளைக்கருவையும் சீனியையும் சேர்த்துக் கொதிநீர்ச் சட்டியின் மேல் வைத்து, 71 டிகிரி வரும்வரை கிளறிவிட்டு அடியுங்கள். உங்கள் ஊர் நீராவி அதற்குத் தாராளமாகப் போதும். விரலில் தேய்த்தால் சீனி நெருடக் கூடாது.

மூத்தவர்:
அப்படிச் செய்தால் அந்தப் பளபளப்பு வராது.

மாவுக்கை:
வரும். செய்து பாருங்கள்.

பனித்துளி:
112இல் இறக்கினேன். நூலும் இல்லை, கட்டியும் இல்லை. பேக்கிங் பவுடர் 3 தேக்கரண்டி போட்டிருந்தேன், குறைத்ததில் குழி சிறிதாகிவிட்டது. அட்டன் அக்காவுக்கும் எல்லோருக்கும் நன்றி. இனி அடுக்க வேண்டும், பிறகு வருகிறேன்.

அட்டன் அடுப்படி:
அடுக்குகள் முழுவதும் ஆறிய பிறகு பூசுங்கள். நான் அண்ணன், தங்கச்சி.