‘லெட்டர்ஸ்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் நேஷனல் புக் ஃபவுண்டேஷன் ஆண்டுதோறும் தரும் வாழ்நாள் சாதனைப் பதக்கத்தைப் பற்றி எங்கள் வாசகர் வட்ட மலருக்கு எழுதுகிறேன். தலைப்பிலேயே வண்டி நின்றுவிட்டது. விருதின் பெயரில் ‘அமெரிக்கன் லெட்டர்ஸ்’ என்று வருகிறது. யோசிக்காமல் ‘அமெரிக்கக் கடிதங்களுக்கான பங்களிப்பு’ என்று எழுதிவிட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் பென்சிலால், “தபால் துறை விருதா?” என்று கேட்டிருந்தார்!

இங்கே ‘லெட்டர்ஸ்’ என்பது கடிதமல்ல, எழுத்து சார்ந்த துறை. ‘இலக்கியம்’ என்று போடலாம்தான். பதக்கம் பெற்ற நாவலாசிரியர்கள் சால் பெல்லோ (1990), டோனி மாரிசன் (1996) வரை பொருந்தும். ஆனால் 1988இல் முதலில் பெற்ற ஜேசன் எப்ஸ்டீன் ஒரு பதிப்பாளர். 1997இல் பெற்ற ஸ்டட்ஸ் டெர்கல் சாதாரண மக்களைப் பேசவைத்துப் பதிவு செய்தவர். 2003இல் திகில் கதை எழுத்தாளர் ஸ்டீபன் கிங்குக்குக் கொடுத்தபோது, அவர் எழுதுவது இலக்கியமே இல்லை என்று விமர்சகர் ஹெரால்ட் புளூம் கொதித்தார். அந்தச் சண்டையில் நான் கிங் பக்கம். அது வேறு கதை.

‘எழுத்துலகம்’ சரியாக இருக்குமா? வேறு நல்ல சொல் உண்டா?

இன்னொன்று: புத்தகத்தை வெறும் விற்பனைச் சரக்காகப் பார்ப்பவர்களை 2014இல் இதே பதக்கத்தைப் பெற்ற மேடையில் சாடிய அறிபுனை எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் உரையை யாராவது தமிழாக்கியிருக்கிறார்களா? இருந்தால் எந்த இதழ் என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.